நான்காவது ஸ்லாட்

பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
ஃப்ளெக்ஸ் கடை. பங்கு ரெண்டு பேர்,
நானும் ஜெபக்கனியும்.
பூப்புனித நீராட்டு, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி,
கபடிக் குழுவின் பத்தாம் ஆண்டு.
இருபதுக்குப் பத்து அடியில்
முப்பது முகம் ஏறினால்
பழைய கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும்.
வட்டம் சுற்றும். நாங்கள் டீக்குச் சொல்லுவோம்.

புதிதாய் ஒன்று கட்டினோம்.
கேபினட் அவள் அண்ணன் தந்தது. போர்டு தவணையில்.
ரேம் மட்டும் ஆளுக்கு ஒன்று என்று பேச்சு.

நான் வண்ணார்பேட்டையில் வாங்கினேன்.
பதினாறு ஜிபி, சிகப்பு அலுமினியச் சட்டை போட்டது.
கேபினட்டின் கண்ணாடி வழியே பார்த்தால்
மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி இருக்கும்.
அவள் கொண்டுவந்தது
தூத்துக்குடி ஷிப்பிங் ஆபீஸ் ஒன்று கழித்துப் போட்டது.
அதுவும் பதினாறுதான். சட்டை கிடையாது.
பச்சைப் பலகை, கறுப்புச் சில்லு எட்டு,
பாதி கிழிந்த ஸ்டிக்கர்.
கூரியர் கவரில் வைத்திருந்தாள்.

மாட்ட வந்த மசூது காக்கா சொன்னார்:
"ஒரே டப்பாவுல பொறந்த ஜோடின்னா கேள்வியே இல்ல.
இது ரெண்டும் வேற வேற வீட்டுப் பிள்ளைய.
ஓடும். ஆனா வேகமா ஓடுதது
மெதுவா ஓடுததுக்கு நின்னு போகும்.
அதான் இதுல உள்ள மரியாத."

ப்ராசஸரிலிருந்து எண்ணி
இரண்டாவது ஸ்லாட், நான்காவது ஸ்லாட்.
இரண்டு முனையும் 'டிக்' என்னும்வரை அமுக்கினார்.
கறுப்புத் திரை. மூன்று பீப்.
கழற்றி, தங்கப் பல் வரிசையை
ஜெபக்கனி மகளின் ரப்பரால் தேய்த்து
மறுபடி மாட்டினார்.
வந்தது.
திரையோரத்தில் 2666.

"மூவாயிரத்து எரநூறு வரணுமே" என்றேன்.
ஜெபக்கனி பச்சையைப் பார்த்தாள்.
அவள் பார்ப்பதை நான் பார்த்தேன்.

இரண்டு வருஷம்.
ஃபைல் சேவ் ஆகத் தாமதிக்கும்போதெல்லாம்
'தூத்துக்குடிப் பிள்ள இன்னும் வந்து சேரல' என்பேன்.
முதல் வருஷம் அவளும் சிரித்தாள்.

பிரிந்தது ரேமுக்காக அல்ல.
ஒரு வார்டு தேர்தல், வராத பாக்கி,
என்னிடம் சொல்லாமல் அவள் கொடுத்த கடன்,
அவளிடம் சொல்லாமல் நான் ஏற்றிய விலை.
கணக்கு முடிந்த அன்று
ஸ்க்ரூடிரைவரை அவளே எடுத்தாள்.
கிளிப்பை விரித்ததும் பச்சை எழும்பியது.
"இது எனக்குள்ளது" என்றாள்.
அதே கூரியர் கவர்.

அன்றைக்கு ராத்திரி தனியாய் ஆன் செய்தேன்.
இனிமேல் சிகப்பு யாருக்கும் நிற்க வேண்டாம்.

2666.

அணைத்துப் போட்டேன். செட்டிங்குக்குள் போய்த் தேடினேன்.
ரப்பர் தேடினேன், இல்லை.
கடைசியில்தான் மேஜைக்குள் பில்லைத் தேடினேன்.
மை மங்கியிருந்தது. மங்காத இடத்தில்
அந்த நாலு எண்.
காசு சட்டைக்கு.

"அந்தப் பச்சை எவ்வளவு காக்கா?"
"மூவாயிரத்து எரநூறு. மாட்டுன அன்னைக்கே
ஜெபக்கனிட்ட சொன்னேனே."
"அவ என்ன சொன்னா?"
"ஒண்ணும் சொல்லல. ரப்பரை வாங்கிப்
பைக்குள்ள போட்டுக்கிட்டா."

இப்போது சேரன்மகாதேவி ரோட்டில் கட்ட
ஒரு கண்ணீர் அஞ்சலி.
ஒரே பைக்கில் போன அண்ணன் தம்பி, ஒரே தட்டி.
ஒரு முகத்தை மூடினால்தான்
இன்னொன்று திறக்கிறது.

நான்காவது ஸ்லாட்டில் தூசி விழாமலிருக்க
ஃப்ளெக்ஸ் துண்டு ஒன்று வெட்டிச் செருகியிருக்கிறேன்,
அளவு பார்த்து.
பின்பக்கம் வெள்ளை.
முன்பக்கம்
யாருடையதோ கன்னம்.